ஊறவைத்துக் கொட்டிய கைப்பு

அன்புள்ள அக்காவுக்கு,

கோண்டாவிலில் இருந்து எழுதுகிறேன். அப்பாவுக்கு 63 வயது. பதினொரு வருடமாகச் சலரோகம் (நீரிழிவு). கனடாவில் இருக்கும் சித்தப்பா அனுப்பிய சில வீடியோக்களைப் பார்த்துவிட்டு, “இனி எனக்கு இயற்கை உணவுதான்” என்று சொல்லிச் சோற்றை நிறுத்திவிட்டார். காலையில் பழம், மத்தியானம் பழமும் தேங்காய்ச் சொட்டும், இரவில் ஏதோ ஒரு மூலிகைத் தூளைத் தேனில் குழைத்துச் சாப்பிடுகிறார். மூன்று கிழமையாகக் குளிசையும் இல்லை. “எங்களுடைய முன்னோர் குளிசை போட்டா வாழ்ந்தார்கள்?” என்று கேட்கிறார். உடம்பு மெலிந்திருக்கிறது, அதை நல்ல அறிகுறி என்கிறார். நம் ஊர்ச் சாப்பாட்டைப் பற்றி நீங்களும் நிறைய எழுதுகிறீர்கள். அவருக்கு நான் என்ன சமைத்துக் கொடுப்பது?

(பெயர் வேண்டாம் என்று கேட்டிருக்கிறார்.)

அன்புள்ள தங்கைக்கு,

சமையலுக்குப் பிறகு வருகிறேன். முதலில் குளிசை. நாளைக்கே அப்பாவை வைத்தியரிடம் அழைத்துச் செல்லுங்கள். சலரோகம் உள்ளவர் குளிசையை விட்டபின் மெலிந்தால் அதைக் கண்டு மகிழ முடியாது. இரத்தத்தில் உள்ள சீனியை உடம்பு பயன்படுத்த முடியாமல் தன் கொழுப்பையும் தசையையும் கரைக்கும்போதும் ஆள் மெலிவார். அடிக்கடி தாகமும், இரவில் பலமுறை சிறுநீர் கழிக்க எழும்புவதும் இருந்தால் இன்றைக்கே போங்கள். கடந்த மூன்று மாதச் சீனியின் நிலையைக் காட்டும் எச்.பி.ஏ.1.சி. பரிசோதனையையும் கேட்டுச் செய்வியுங்கள். அப்பா எண்களை நம்புகிறவராக இருந்தால், உங்கள் வாதத்தைவிட அந்தப் பரிசோதனைத் துண்டு நன்றாகப் பேசும்.

இவ்வளவு அவசரப்படுத்துவதற்குக் காரணம் இருக்கிறது. என் பெரியப்பா இதே வழியில் போனவர். அவரும் ஒரு தூள் வாங்கினார், குளிசைப் பெட்டியை அலுமாரிக்கு மேலே வைத்தார். நான்காம் மாதம் செருப்பு உரசிய இடத்தில் ஒரு சிறு புண் வந்தது. கால் மரத்திருந்ததால் அவருக்கு அது நோகவில்லை. வலது காலின் இரண்டு விரல்களை எடுத்த பிறகுதான் பெட்டி கீழே இறங்கியது.

பழத்தைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். பழம் நல்லதுதான். ஆனால் இரண்டு கறுத்தக்கொழும்பான் மாம்பழத்தை ஒரே இருப்பில் சாப்பிட்டுவிட்டு, இரவில் தேனும் குழைத்தால், சோற்றை விட்டதன் பயன் அங்கேயே போய்விடுகிறது. தேனிலும் பனங்கட்டியிலும் இருப்பது பெரும்பாலும் சீனிதான். மரத்திலிருந்து வந்ததா ஆலையிலிருந்து வந்ததா என்று இரத்தம் விசாரிப்பதில்லை.

இனி முன்னோருக்கு வருவோம். அப்பாவின் அந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். ஆனால் அதற்கான பதிலை அவர் நம் குசினியில் தேடியிருக்கலாம். ஒடியலை எடுத்துக்கொள்ளுங்கள். பனங்கிழங்கைப் பச்சையாகக் கிழித்து வெயிலில் காயவைத்த ஒடியலைவிட இயற்கையான பொருள் யாழ்ப்பாணத்தில் வேறென்ன இருக்கிறது? என் அம்மம்மா அதை இடித்து அரித்த மாவை நேரே பானையில் போட்டதே இல்லை. சட்டியில் நிறையத் தண்ணீர் விட்டுக் கரைத்து வைப்பார். மா அடியில் படியும். மேலே மஞ்சள் படர்ந்த தண்ணீர் தெளிந்து நிற்கும். அதை அடி கலங்காமல் சரித்து ஊற்றிவிட்டுப் புதுத் தண்ணீர் விடுவார். விரல் நுனியில் தொட்டு நாக்கில் வைத்துப் பார்ப்பார். கைப்பு இருந்தால் இன்னொரு தண்ணீர். அதன் பிறகுதான் மீன் தலையும் நண்டும் பலாக்கொட்டையும் பயற்றங்காயும் கொதிக்கும் கூழ்ப்பானைக்குள் அந்த மா போகும். பச்சை ஒடியல் மாவில் உடம்புக்கு ஒவ்வாத பொருள் உண்டு என்று விலங்குகளில் செய்த ஆய்வுகள் பின்னாளில் காட்டின. அம்மம்மாவுக்கு அது நாக்கில் தெரிந்திருந்தது. மரவள்ளிக்கிழங்கை மூடாமல் அவிக்க வேண்டும் என்று கண்டிப்பாகச் சொன்னவரும் அவரே. அந்தக் கிழங்கிலிருந்து பிரியும் சயனைட்டு நஞ்சு ஆவியோடு வெளியேற வேண்டும் அல்லவா?

இயற்கை தந்தது என்பதற்காக எதையும் அப்படியே வாயில் போட்டவர்கள் அல்லர் அவர்கள். எதை ஊறவைப்பது, எதை அவிப்பது, எதற்கு எது துணை என்று தலைமுறை தலைமுறையாகப் பார்த்துப் பார்த்துத் தீர்மானித்தவர்கள். தூள் பைக்கற்றில் அந்தக் கவனம் இல்லை. அதற்குள் என்ன இருக்கிறது என்பதே உங்களுக்கும் எனக்கும் தெரியாது.

சரி, என்ன சமைப்பது?

அம்மம்மாவின் மத்தியானச் சாப்பாடு எனக்கு இன்றும் கண்ணுக்குள் நிற்கிறது. சிவப்பரிசிச் சோறு, பருப்பு, கத்தரிக்காய்க் கறி, சூடைமீன் குழம்பு, ஏதாவதொரு இலை வறை, கடைசியில் சொதி. சோற்றில் குறைவான புரதக்கூறு பருப்பில் இருக்கிறது, பருப்பில் குறைவானது சோற்றில் இருக்கிறது. சூடையை முள்ளோடு மென்றால் கல்சியம். சொதியை அடுப்பிலிருந்து இறக்கிய பிறகுதான் தேசிக்காய் பிழிவார். கொதிக்கும்போது விட்டால் கைக்கும் என்பார். அந்தப் புளியில் உள்ள விற்றமின் சி, இலையிலும் பருப்பிலும் உள்ள இரும்புச்சத்தை உடம்பு எடுத்துக்கொள்ள உதவும். இவ்வளவும் ஒரே சாப்பாட்டுக் கோப்பையில் இருந்தன.

அந்தக் கோப்பையிலிருந்து இன்று காணாமற்போனது இலை. முன்பு வேலியே நமக்கு மரக்கறித் தோட்டம். பூவரசிலும் கிளுவையிலும் முசுட்டை படர்ந்திருக்கும். மூலையில் முருங்கை நிற்கும், கிணற்றடி ஈரத்தில் வல்லாரையும் பொன்னாங்காணியும் தாமாகவே வரும். சமைக்கப் போகும் நேரத்தில் சுளகோடு வெளியே போய் ஒடித்துக்கொண்டு வருவார்கள், காசு கொடுத்து வாங்கியதில்லை. வேலிகளை எடுத்துவிட்டு மதில் கட்டினோம். மதில் பாதுகாப்புத்தான், அதை நான் குறை சொல்லவில்லை. ஆனால் மதிலில் முசுட்டை படர்வதில்லை. இலைக்கறி விலை கொடுத்து வாங்கும் பொருளானதும் முதலில் குறைந்தது அதுதான். அந்த இடத்தை நிரப்ப இன்னும் ஓர் அகப்பை சோறு வந்தது. காலையில் பாண், இரவில் கோதுமை மா கலந்த பிட்டு. மூன்று வேளையும் மாச்சத்து!

ஆகவே அப்பாவுக்குத் தனிச் சமையல் வேண்டாம். அவருடைய கோப்பையில் பாதியை இலைக்கறியாலும் மரக்கறியாலும் நிரப்புங்கள். கால்வாசி மீனோ முட்டையோ பருப்போ கடலையோ. மீதிக் காலில் சோறு, தவிட்டோடு கூடிய சிவப்பரிசியானால் நல்லது. குரக்கன் பிட்டு கேட்டால் அவித்துக் கொடுங்கள். 100 கிராம் குரக்கனில் 300 மில்லிகிராமுக்கு மேல் கல்சியம் இருக்கிறது. ஆனால் அதே 100 கிராமில் ஏறத்தாழ 70 கிராம் மாச்சத்தும் இருக்கிறது. குரக்கன் என்பதற்காக இரண்டு நீத்துப்பெட்டி சாப்பிட முடியாது. முருங்கையிலை வறையை அள்ளி வையுங்கள். கருவாட்டையும் மோர்மிளகாயையும் வாரத்தில் ஒரு நாளுக்கு ஒதுக்கிவிடுங்கள். ஒரு நாளைக்கு எல்லாமாக 5 கிராமுக்குக் குறைவான உப்புத்தான் உலக சுகாதார நிறுவனம் சொல்லும் அளவு. சாப்பிட்ட பின் கால் மணி நேரம் ஒழுங்கையில் நடக்கச் சொல்லுங்கள், சீனி ஏறும் வேகம் குறையும்.

இன்னொன்றையும் வைத்தியரிடம் சொல்ல மறக்காதீர்கள். சாப்பாட்டை மாற்றும்போது சில குளிசைகளின் அளவையும் மாற்ற வேண்டிவரும். இல்லாவிட்டால் சீனி தாழ்ந்து வியர்வையும் நடுக்கமும் மயக்கமும் வரலாம். நன்றாகச் சாப்பிட்டு, நடந்து, எடையும் சீராகிக் குளிசை குறைந்தவர்கள் இருக்கிறார்கள். அந்த ஆசையை அப்பாவிடம் வளர்த்துவிடுங்கள். படிப்படியாக, வைத்தியர் குறைக்க வேண்டியது அது. 2021 மே மாதம் இலங்கை அரசு இரசாயன உரத்தை ஒரே அடியாகத் தடைசெய்து, நவம்பரில் அந்தத் தடையை விலக்கியதை நாம் எல்லோரும் பார்த்தோம். இரசாயன உரத்தைக் குறைக்கும் அந்த நோக்கத்தை நானும் விரும்பினேன். நம் வலிகாமப் பகுதிக் கிணறுகளில் உரத்திலிருந்து நைத்திரேற்று ஏறியிருப்பதை அறிந்தவர் யாரும் விரும்புவர். ஆனால் பல வருடமாக ஒன்றுக்குப் பழகிய மண்ணை ஒரே போகத்தில் திருப்ப முடியவில்லை. அப்பா தோட்டம் செய்தவர் என்றால் இது அவருக்கு உடனே விளங்கும்.

உங்கள் கடிதத்தை மூன்று முறை வாசித்தேன். அப்பா மூன்று வேளையும் என்ன சாப்பிடுகிறார் என்று எழுதியிருக்கிறீர்கள். அம்மாவைப் பற்றி ஒரு வரியும் இல்லை. நம் வீடுகளில் அம்மா கடைசியாகத்தான் சாப்பிடுவார். சட்டியில் மிஞ்சிய குழம்பில் சோற்றைப் போட்டுப் பிசைந்துவிட்டு, உடனே ஒரு தேநீர் குடிப்பார். சாப்பாட்டோடு குடிக்கும் தேநீர் இரும்புச்சத்து உடம்பில் சேர்வதைத் தடுக்கும். ஒரு மணி நேரமாவது தள்ளிக் குடிக்கலாம். நீங்கள் முருங்கையிலை ஆயும்போது இரண்டு பேருக்கும் சேர்த்து ஆயுங்கள். வைத்தியரிடம் போகும்போது அம்மாவையும் கூட்டிக்கொண்டு போய் அவருடைய இரத்தத்தையும் பரிசோதிக்கச் சொல்லுங்கள். முடிவு வந்ததும் இருவரைப் பற்றியும் எழுதுங்கள், காத்திருப்பேன்.

அன்புடன்,
அக்கா