மறுமொழி: அம்மாவைக் கிளினிக்கல் சைக்கோலஜிஸ்டிடம் காட்டலாமா?

வணக்கம் தங்கச்சி. அப்பா தவறியதிலிருந்து அம்மா சரியாகச் சாப்பிடுவதில்லை, தூங்குவதில்லை, அரசாங்க கிளினிக் டாக்டர் கிளினிக்கல் சைக்கோலஜிஸ்டிடம் அனுப்பவேண்டும் என்கிறார், அண்ணனோ "தஞ்சோங் ரம்புத்தானுக்கா?" என்று, அங்குள்ள மனநல ஆஸ்பத்திரியை நினைத்துக் குதிக்கிறார் என எழுதியிருந்தீர்கள். மலேசியாவில் நம் சுங்கை சிப்புட் பக்கம் இந்தப் பயம் எல்லா வீட்டிலும் உண்டு. தயவுசெய்து அதற்காகத் தள்ளிப்போடாதீர்கள்.

மருந்து எழுதுவது சைக்கியாட்ரிஸ்ட். கிளினிக்கல் சைக்கோலஜிஸ்ட் பேச்சாலும் பயிற்சியாலும் சிகிச்சை தருபவர். வெறும் டிகிரி போதாது. கிளினிக்கல் சைக்கோலஜியில் முதுகலையும், மூத்தவர் மேற்பார்வையில் நோயாளிகளைப் பார்த்த பயிற்சியும் வேண்டும். 2016-ஆம் ஆண்டு துணை சுகாதாரத் தொழில்கள் சட்டத்தில் இந்தத் தொழிலும் உண்டு. தனியாரிடம் போனால் எங்கே படித்தார், பதிவு இருக்கிறதா என்று கூச்சப்படாமல் கேளுங்கள். நல்லவர் கோபிக்க மாட்டார்.

முதல் நாள் பெரும்பாலும் கேள்விகள்தான். என் அண்ணியை ஒரு பள்ளிக்கூட நோட்டில் எழுதிவரச் சொன்னார்கள்: எத்தனை மணிக்கு எழுந்தார், கோழிக்குத் தீனி போட்டாரா, கோயிலுக்குப் போனாரா, அதன்பிறகு மனசுக்குப் பத்துக்கு எத்தனை மார்க். மனசு தேறியபிறகு வேலை பார்க்கலாம் என்றுதானே நாம் நினைப்போம்? இந்த முறையில் சின்ன வேலைதான் முதலில். மனசு அதன் பின்னாலேயே வரும். பூசையை நிறுத்தச் சொல்லவே இல்லை, அண்ணனிடம் சொல்லுங்கள்.

தமிழ் பேசுபவர் வேண்டும் என்று, ரெஃபரல் கடிதம் எழுதும்போதே கேளுங்கள். மகள் மொழிபெயர்த்தால் அம்மா மனம்திறந்து பேசமாட்டார்.

"செத்துடலாம்போல இருக்கு" என்று ஒரு தடவை சொன்னாலும் அப்பாயின்மெண்டுக்குக் காத்திருக்காமல் ஆஸ்பத்திரி அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். போனில் பேச 15555, ஹீல் லைன் என்ற மனநல உதவி எண்.