செய்த தவறுக்குத் திட்டும் நாம், செய்யாமல் விட்ட தவறை ஏன் பெரிதாக எடுத்துக்கொள்வதில்லை?

கேள்வி பாதிதான் சரி. எங்கள் பக்கம் ஒரு காதுகுத்துக்குத் தாய்மாமன் வராமல் இருந்து பார்க்கட்டும், காது குத்திய பிள்ளை பேரன் எடுக்கும் வரைக்கும் பேசுவார்கள். அதற்குப் பிறகு வருகிறேன். முதலில் என் கதையைச் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் இந்தக் கேள்வியை மூன்று வருஷமாக நானே எனக்குள் கேட்டுக்கொண்டிருக்கிறேன்.

கம்பத்தில், கம்பமெட்டு போகிற ரோட்டில் பஞ்சர் கடை வைத்திருக்கிறேன். விடியக்காலை நாலரைக்கு ஷட்டரைத் தூக்கினால்தான் பிழைப்பு. இடுக்கிப் பக்கம் ஏலத்தோட்டங்களுக்குக் காய் எடுக்கப் போகிற பெண்களை ஏற்றிக்கொண்டு ஜீப்புகள் கிளம்பும் நேரம் அது. ஆளுக்கொரு தூக்குச்சட்டி, மழைக்குப் போர்த்திக்கொள்ள ஒரு பிளாஸ்டிக் தாள். பத்துப் பேர் உட்காரும் வண்டியில் பதினாறு பேர் இருப்பார்கள். வளைவு வளைவாக ஏறிப் போய், மலைக்கு அந்தப்புறம் வேலையை முடித்துவிட்டு, பொழுது சாயும்போது அதே வளைவுகளில் இறங்கி வருவார்கள்.

அதில் ஒரு ஜீப்பின் பின்பக்க இடது டயர் எனக்கு அத்துப்படி. டயரின் பள்ளத்துக்குள் சின்னச் சின்னக் கட்டிகள் இருக்கும். மேலே இருக்கும் ரப்பர் பட்டன் தேய்ந்து அந்தக் கட்டி மட்டத்துக்கு வந்துவிட்டால் மிச்சம் 1.6 மில்லிமீட்டர்தான், மாற்றியாக வேண்டும். இந்த டயரில் கட்டியும் இல்லை, பள்ளமும் இல்லை. ஓரத்தில் ஒரு சாண் நீளத்துக்கு ரப்பர் போய் நூல் வெளியே வந்திருந்தது. கையால் தடவினால் பிசிறு குத்தும்.

டிரைவரிடம் இரண்டு தடவை சொன்னேன். முதல் தடவை, “வர்ற வாரம் மாத்திருவோம்ணே” என்றான். இரண்டாவது தடவை அவன் முகம் மாறிவிட்டது. “விடியக்காலைல வாய வைக்காதண்ணே, பொம்பளையாளுக உக்காந்திருக்காக” என்றான். நாலு நாள் கழித்து மறுபடி வந்தான். காற்று அடித்தேன். நூலைப் பார்த்தேன். இருபது ரூபாயை வாங்கிக் கல்லாவில் போட்டேன். வாயைத் திறக்கவில்லை. (மலைக்கு மேலே, கேரளாவில், நோக்குகூலி என்று ஒன்று இருந்தது. அடுத்தவன் சரக்கு இறக்குவதை நின்று பார்த்ததற்கு யூனியன்காரர்கள் கேட்கும் கூலி. 2018 மே 1 முதல் அதை ஒழித்துவிட்டதாக அரசே அறிவித்தது. அந்த இருபது ரூபாயை நினைத்தால் எனக்கு அந்த வார்த்தைதான் ஞாபகம் வரும்.)

அன்று சாயங்காலம் இறக்கத்தில் டயர் வெடித்தது. நல்லவேளை, வண்டி பள்ளத்துப் பக்கம் சாயாமல் மலைப்பக்கம் போய் முட்டி நின்றது. உயிர்ச்சேதம் இல்லை. ஓர் அக்காவுக்குக் காறை எலும்பு முறிந்தது, ஒரு சின்னப் பிள்ளைக்கு முன்பல் இரண்டு போனது.

ஊரே பேசியது. டிரைவரைத் திட்டினார்கள். இத்தனை பேரை அடைத்து அனுப்பிய கண்காணியைத் திட்டினார்கள். வழியில் நிறுத்திப் பார்க்காத போலீஸை ஒப்புக்குத் திட்டினார்கள். என் பெயரை ஒருத்தர் எடுக்கவில்லை. எடுக்க நியாயமும் இல்லை என்றுதான் நானும் முதலில் நினைத்தேன். நான் என்ன செய்தேன்? காற்று அடித்தேன், அது சரியாகத்தானே அடித்தேன்.

இதற்கு இரண்டு வருஷம் முன்னால் நடந்ததையும் இதோடு சேர்த்துப் பாருங்கள். வேறொரு ஜீப்புக்கு ஸ்டெப்னி மாற்றிக்கொண்டிருந்தேன். ஐந்து நட்டில் நாலை முடுக்கிவிட்டு ஐந்தாவதில் கை வைக்கும்போது போன் வந்தது. பேசி முடித்துவிட்டு ஜாக்கியை இறக்கிவிட்டேன். முதல் வளைவிலேயே டிரைவருக்குச் சத்தம் கேட்டு, இறங்கிப் பார்த்து, தானே முடுக்கிக்கொண்டு போய்விட்டார். யாருக்கும் ஒரு கீறல்கூட இல்லை. ஆனால் சாயங்காலம் கடைக்கு வந்து தெருவே கூடும்படி சத்தம் போட்டார். “பதினாலு உசுரு போயிருக்கும்ல?” என்றார். தலையைக் குனிந்துகொண்டு நின்றேன். ஒரு வருஷம் அவர் என் கடைப்பக்கம் வரவில்லை.

நட்டை முடுக்காததும் செய்யாமை, டயரைப் பற்றிச் சொல்லாததும் செய்யாமை. ஒன்றில் ஒரு சேதமும் இல்லை, ஊரே என்னைக் குற்றவாளி என்றது. இன்னொன்றில் எலும்பே முறிந்தது, என்னை யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

நம் பேச்சைக் கவனித்தால் இது புரியும். நட்டு விஷயத்தில் எல்லாரும் சொன்னது, “லூசா விட்டுட்டான்.” தமிழில் இந்த ‘விட்டுட்டான்’ பொல்லாத சொல். செய்யாததைச் செய்ததாக ஆக்கிவிடும். “சொல்லலை” என்றால் வெறும் தகவல். “சொல்லாம விட்டுட்டான்” என்றால் குற்றச்சாட்டு. அதே ஆள் தன்னைப் பற்றிச் சொல்லும்போது “சொல்ல வாய் வரலை” என்பான், வாய் என்னவோ தனியாக ஓர் ஆள் மாதிரி. யார் மேல் பழியைப் போட வேண்டும் என்று முதலில் மனசு முடிவு செய்துகொள்கிறது, வினைச்சொல் பிறகுதான் வருகிறது.

டயர் விஷயத்தில் என்னிடம் ‘விட்டுட்ட’ என்று சொன்னது ஒரே ஆள், காறை எலும்பு முறிந்த அக்காவின் அம்மா. விறகுக் கட்டுக்குச் சுற்ற பழைய டியூப் கேட்டு வந்தது கிழவி. கத்தரியால் பட்டையாக வெட்டிக்கொண்டிருந்தேன்.

“அன்னைக்கு இங்கனதான காத்தடிச்சாக?”

“ஆமாத்தா.”

“நூலு வந்துருந்துச்சாம்ல. நீ பாக்கலையாய்யா?”

“பாத்தேன். ரெண்டு தடவ சொல்லிருக்கேன்த்தா.”

“அன்னைக்குச் சொன்னியா?”

நான் பேசவில்லை. கிழவி சத்தம் போடவும் இல்லை. “சொல்லாம விட்டுட்ட” என்றது. டியூபுக்குக் காசு வேண்டாம் என்றேன். பத்து ரூபாயைக் கல்லா மேல் வைத்துவிட்டுத்தான் போனது.

இந்த விஷயத்தை ஆராய்ச்சியே செய்திருக்கிறார்கள். 1991-ல் ஸ்பிராங்கா, மின்ஸ்க், பேரன் என்று மூன்று பேர் ஒரு கதையைச் சொல்லிக் கருத்துக் கேட்டார்கள். டென்னிஸ் வீரன் ஒருவன். நாளைக்கு அவனோடு மோதப்போகிறவனுக்கு ஒரு மிளகாய்ப் பொடி ஒத்துக்கொள்ளாது, இது இவனுக்குத் தெரியும். ஒரு கதையில் அந்தப் பொடி கலந்ததைச் சாப்பிடச் சொல்லி இவனே சிபாரிசு செய்கிறான். இன்னொன்றில் எதிராளி தானாகவே அதைக் கேட்டு வாங்குகிறான், இவன் பேசாமல் பார்த்துக்கொண்டிருக்கிறான். இரண்டிலும் கெட்ட எண்ணம் ஒன்று, விளைவும் ஒன்று. இருந்தாலும் சிபாரிசு செய்தவன்தான் மோசம் என்று நிறையப் பேர் சொன்னார்கள். செயலைவிடச் செயலின்மையை இலேசாக எடைபோடும் இந்தச் சாய்வைத்தான் நீங்கள் கேட்கிறீர்கள்.

ஆனால் அந்த ஆய்வில் கரிநாக்கு கிடையாது. எங்கள் ஊரில் உண்டு. டயர் வெடிக்கும் என்று அன்றைக்கு நான் சொல்லியிருந்து, அது வெடித்தும் இருந்தால் என்ன ஆகியிருக்கும்? “அவன் வாய வச்சான், வெடிச்சிருச்சு” என்று என் தலையில்தான் விடிந்திருக்கும். அந்த டிரைவர் பயந்தது என் நாக்குக்கு. நான் பயந்ததும் அதற்குத்தான். நல்லது சொல்வதும் ஒரு செயல்தான், அதற்கு விலை உண்டு. சும்மா இருப்பதற்கு விலை இல்லை, பிறகு எவன் வாய் திறப்பான்?

இனித் தாய்மாமன். சொந்தத்துக்குள் இந்தச் சாய்வு அப்படியே தலைகீழ். பெரியப்பா ஓங்கி அறைந்ததை மறந்துவிடுவோம், “கோவத்துல அடிச்சாரு, விடு” என்போம். அதே பெரியப்பா ஆஸ்பத்திரியில் கிடந்தபோது எட்டிப் பார்க்கவில்லை என்றால் சாகும்வரை மறக்க மாட்டோம். எங்கள் வீட்டில் சாவுக் கேதத்துக்கு வராத ஒரே காரணத்துக்காகப் பதினோரு வருஷமாகப் பேச்சுவார்த்தை இல்லாத ஒரு சித்தப்பா குடும்பம் இருக்கிறது. அவர் எங்களுக்கு ஒரு கெடுதலும் செய்ததில்லை. அதுதான் பிரச்சினையே, ஒன்றுமே செய்யவில்லை.

காரணம் ‘முறை’ என்று நினைக்கிறேன். நம்மிடம் அந்த ஒரே சொல் உறவுக்கும் நடக்கிறது, நியாயத்துக்கும் நடக்கிறது, வாய்க்கால் தண்ணீருக்கும் நடக்கிறது. முறை உள்ளவன் செய்யாவிட்டால் அது குற்றம். முறை இல்லாதவன் செய்யாவிட்டால் அது ஒன்றுமே இல்லை, செய்தால் புண்ணியம். நட்டு முடுக்குவது என் முறை. டயரைப் பற்றி எச்சரிப்பது என் முறை என்று யாரும் என்னிடம் ஒப்படைக்கவில்லை. ஊர் போட்ட கணக்கு அவ்வளவுதான்.

சட்டமும் ஏறக்குறைய இதையேதான் சொல்கிறது. 1837-ல் மெக்காலே தலைமையில் இந்திய தண்டனைச் சட்டத்தின் வரைவு தயாரானபோது அதோடு எழுதிய குறிப்பில் ஓர் ஆறு வரும். ஆற்றில் வெள்ளம், இறங்கினால் ஆபத்து என்று தெரிந்தும் ஒருவன் வழிப்போக்கனிடம் சொல்லாமல், அவன் சாகட்டும் என்று இருக்கிறான். எச்சரிப்பதற்கென்றே அங்கே நிறுத்தப்பட்டவன் என்றால் அது கொலை. கூட்டிப் போவதாக ஒப்புக்கொண்ட வழிகாட்டி என்றாலும் கொலை. மனுஷனுக்கு மனுஷன் என்பதைத் தவிர வேறு பந்தம் எதுவும் இல்லாதவன் என்றால் கொலை இல்லை. 1860-ல் வந்த சட்டத்தில், செயல் என்றால் சட்டவிரோதமான செய்யாமையும் அதில் அடக்கம் என்று வைத்தார்கள். 2024 ஜூலை 1 முதல் புதுச் சட்டம் வந்துவிட்டது, இந்த அடிப்படை மாறவில்லை. படித்தபோது எனக்குக் கொஞ்சம் ஆறுதலாகத்தான் இருந்தது, நான் அந்த மூன்றாவது ஆள் என்று. அப்புறம் அந்த இருபது ரூபாய் ஞாபகம் வந்தது.

கூட்டம் என்றால் முறை யாருக்கும் இல்லாமல் போய்விடுகிறது, இது தனிக் கதை. 1968-ல் டார்லி, லட்டானே என்ற இரண்டு பேர் நியூயார்க்கில் மாணவர்களைத் தனித்தனி அறையில் உட்காரவைத்து, மைக் வழியாகப் பேசிக்கொண்டிருந்த ஒருவருக்கு வலிப்பு வருகிற மாதிரி குரலை ஒலிக்கவிட்டார்கள். தான் ஒருவன்தான் கேட்கிறேன் என்று நினைத்தவர்களில் 85 சதவீதம் பேர் அந்த வலிப்பு அடங்குவதற்குள் உதவிக்கு எழுந்தார்கள். இன்னும் நாலு பேர் கேட்கிறார்கள் என்று நினைத்தவர்களில் 31 சதவீதம்தான். அந்த ஜீப்பில் பதினாறு பேர் ஏறினார்கள், எல்லாரும் அந்த டயரைத் தாண்டித்தான் ஏறினார்கள். அவர்களைக் குறை சொல்ல எனக்கு மனசு வரவில்லை, ஒரு நாள் கூலி போனால் அடுப்பு எரியாது. சொல்ல வந்தது வேறு. நான் பேசாமல் இருந்ததற்கு ஒரு காரணம், கண்காணிக்குத் தெரியும், டிரைவருக்குத் தெரியும், எல்லாருக்கும் தெரியும் என்ற நினைப்பு.

முல்லைப் பெரியாறைத் தொடாமல் எங்கள் ஊர்க்காரன் பேச்சை முடிக்க மாட்டான். அணை கேரள மண்ணில் நிற்கிறது, நடத்துவது தமிழ்நாடு. 2018 ஆகஸ்ட் 15 அன்று நீர்மட்டம் 142 அடியைத் தொட்டது. திடீரென்று தண்ணீர் திறந்ததும் வெள்ளத்துக்கு ஒரு காரணம் என்று கேரள அரசு உச்ச நீதிமன்றத்தில் சொன்னது, தமிழ்நாடு மறுத்தது. அந்த வாரம் குமுளி டீக்கடையில் ஒருவர், “முன்னாடியே தொறக்காம வச்சிருந்தாங்க, அப்புறம் ஒரேயடியா தொறந்துவிட்டாங்க” என்றார். திறக்காததும் குற்றம், திறந்ததும் குற்றம். இறங்கி வந்தால் கம்பம் டீக்கடையில், “மழை பேஞ்சுச்சு, அணை நெறஞ்சுச்சு, தண்ணி போச்சு” என்கிறார்கள். எல்லாம் தானாக நடந்ததுபோல. “தேக்க விடாம பண்ணிட்டாங்க” என்று எதிர்க்கரையைச் சொல்லும்போது மட்டும் வாக்கியத்தில் ஆள் வந்துவிடுகிறான். இதில் யார் சரி என்று நான் இங்கே சொல்லப் போவதில்லை, சொன்னால் கீழே கருத்துப் பகுதி தாங்காது.

கிழவி வந்து போன பிறகு ஒரு வேலை செய்ய ஆரம்பித்தேன். டியூபில் ஓட்டையைக் குறிக்கச் சாக்பீஸ் வைத்திருப்போம். காற்றடிக்க வரும் வண்டியில் நூல் தெரிந்தாலோ, பட்டன் கட்டி மட்டத்துக்கு வந்திருந்தாலோ, பேசாமல் டயர் மேல் ஒரு பெருக்கல் குறி போட்டுவிடுவேன். வாயைத் திறந்தால்தானே கரிநாக்கு. முதலில் சிரித்தார்கள். சிலர் என் கண்முன்னாலேயே காலால் தேய்த்து அழித்தார்கள். ஆனால் ஜீப்பில் ஏறும் பெண்கள் குனிந்து பார்க்க ஆரம்பித்தார்கள். அந்த அக்காவும் மறுபடி அதே ஜீப்பில்தான் போகிறது, ஒரு சுற்றுச் சுற்றி வந்த பிறகுதான் ஏறுகிறது. “குறி கெடக்கு, இந்த வண்டி வேணாம்” என்று நாலு பேர் இறங்கியதை நானே பார்த்தேன். ஒரு வாரத்தில் அந்த வண்டிக்குப் புது டயர் வந்தது.

போன மாசம் ஒரு வண்டி குமுளி மலையில் டயர் வெடித்து நின்றது. ஆளுக்கு ஒன்றும் இல்லை. அதற்கு முந்தின நாள் என்னிடம்தான் காற்றடித்திருந்தார்கள். மழை, கூட்டம், உள்பக்க ஓரத்தை நான் குனிந்து பார்க்கவில்லை. அந்த டிரைவர் வந்து, சண்டைக்கு வந்த மாதிரியும் இல்லை, சாதாரணமாகத்தான் கேட்டார்:

“ஏண்ணே, நீ குறி போடாம விட்டுட்டியே?”