கையில் பிடித்த அட்டை நிஜமா? 8,000 ரூபாய் சான்றிதழ் வேண்டாம்

கேள்வி: கிருஷ்ணகிரி பழையபேட்டையில் இருக்கிறேன். 2021 சட்டமன்றத் தேர்தலில் எங்கள் தொகுதி 794 ஓட்டு வித்தியாசத்தில் முடிந்தது பற்றி வாட்ஸ்அப் குழுவில் இன்னும் சண்டை ஓயவில்லை. போன வாரம் ஒருவர் படம் ஒன்று போட்டார். கலெக்டர் ஆபீஸ் முன்னால் கூட்டம், ஒரு அம்மா கையில் 'மறுபடியும் எண்ணு' என்று எழுதிய அட்டை. ஓட்டு எண்ணிய மறு வாரம் எடுத்தது என்றார். நானும் நம்பி மூன்று குழுக்களுக்கு அனுப்பிவிட்டேன். எதிர்த்தரப்பு நண்பர் ஒருவர், அட்டையில் எழுத்தை மாற்றியிருக்கிறார்கள், சைபர் கிரைமில் புகார் கொடுப்பேன் என்கிறார். டவுனில் ஒருவர் 8,000 ரூபாய்க்கு 'படம் ஒரிஜினல்' என்று ஃபாரன்சிக் சான்றிதழ் வாங்கித் தருகிறாராம். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். முன்பணம் கொடுத்திருந்தால் இன்றைக்கே திருப்பிக் கேளுங்கள்.

உங்கள் போனில் இருப்பது எடுத்த படம் அல்ல, பல கை மாறி வந்த நகல். வாட்ஸ்அப்பில் சாதாரணமாகப் படம் அனுப்பினால் அது சுருங்கிவிடும். எடுத்த தேதி, இடம், எந்த போன் என்ற விவரமெல்லாம் உதிர்ந்துவிடும். அந்த நகலைப் பார்த்து 'இது ஒரிஜினல்' என்று எந்த நிபுணரும் எழுதித் தர முடியாது. எழுதித் தருகிறேன் என்பவர் நிபுணர் இல்லை.

கோர்ட்டுக்கு வேண்டிய சான்றிதழே வேறு. 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் இருக்கும் புதிய சாட்சியச் சட்டத்தின் 63-ஆவது பிரிவு, அந்தச் சான்றிதழை இரண்டு பகுதியாகக் கேட்கிறது. கருவியைக் கையில் வைத்திருப்பவர் ஒரு பகுதியில் கையெழுத்துப் போட வேண்டும், நிபுணர் இன்னொரு பகுதியில். கோப்பின் ஹாஷ் எண்ணும் வேண்டும்; அது கோப்புக்குக் கைரேகை மாதிரி. படம் எடுத்த போன் யாருடையது என்றே உங்களுக்குத் தெரியாதபோது இதில் எதை நிரப்புவார்கள்?

இந்த இடைத்தரகர்களை தர்மபுரி, கிருஷ்ணகிரி கோர்ட் வளாகங்களில் பல வருடமாகப் பார்க்கிறேன். ஊராட்சித் தலைவர் தேர்தலில் ஒரு கை விரலில் எண்ணும் ஓட்டுகளில் தோற்ற ஒருவர் என்னிடம் வந்தார். 'மறு எண்ணிக்கைக்கு ஆள் இருக்கிறது' என்று ஒருவர் அவரிடம் பணம் வாங்கிக்கொண்டு, போராட்டப் படங்களை லேமினேஷன் செய்து, முத்திரை குத்தி ஒரு ஃபைல் கொடுத்திருந்தார். அவர் என் மேசைக்கு வந்தது 47-ஆவது நாள். தேர்தல் வழக்குப் போட இருந்தது 45 நாள். அந்த ஃபைலை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? ஆடு விற்ற காசு போனதுதான் மிச்சம். இன்றைக்கும் நினைத்தால் வயிறு எரிகிறது.

சரி, உங்கள் பயத்துக்கு வருகிறேன். உண்மை என்று நம்பி அனுப்புவதும், பொய் என்று தெரிந்தே கலகம் மூட்ட அனுப்புவதும் சட்டத்தில் ஒன்றல்ல. ஆனால் ஒருவர் 'இது பொய்' என்று சொன்ன பிறகும் அனுப்பிக்கொண்டே இருந்தால் நம்பி அனுப்பினேன் என்று சொல்வது கஷ்டம். அதனால் நிறுத்துங்கள். அரட்டையை அழிக்காதீர்கள். யார், எந்தத் தேதியில் உங்களுக்கு அனுப்பினார் என்பது அதில்தான் இருக்கிறது, உங்களைக் காப்பாற்றப் போவதும் அதுதான். போட்டவரிடம் மூலப் படத்தை 'டாக்குமென்ட்' ஆக அனுப்பச் சொல்லுங்கள், அப்படி வந்தால் விவரங்கள் உதிராது. தன்னிடம் இல்லை என்பார், பெரும்பாலும் அதுதான் நடக்கும்.

படத்தை நீங்களே பார்க்கலாம். கையால் எழுதிய அட்டையில் கடைசி எழுத்துக்களுக்கு இடம் பத்தாமல் நெருங்கியிருக்கும். அட்டை வளைந்தால் எழுத்தும் வளையும். பிடித்திருக்கும் விரலின் நிழல் எழுத்தின் மேல் விழும். எழுத்து மட்டும் நேராக, பளிச்சென்று ஒட்டிவைத்தது போல இருந்தால் சந்தேகப்படுங்கள். செயற்கை நுண்ணறிவில் செய்த படங்களில் முன்பெல்லாம் தமிழ் எழுத்து குளறும், பின்னால் இருக்கும் கடைப் பலகையில் கொம்பும் காலும் இடம் மாறும். இப்போது நன்றாகவே எழுதுகிறது, அதனால் எழுத்து சரியாக இருப்பது எதையும் நிரூபிக்காது. வண்டி நம்பரைப் பாருங்கள். கிருஷ்ணகிரி 24, தர்மபுரி 29, ஓசூர் 70. எல்லா வண்டியும் வேறு மாவட்டத்தில் பதிவானது என்றால் இடமே வேறாக இருக்கலாம்.

இதையெல்லாம் விட முக்கியமானது ஒன்று. ஓட்டு எண்ணியது 2021 மே 2. கொரோனா இரண்டாம் அலை உச்சத்தை நோக்கிப் போன நேரம். வெற்றி ஊர்வலத்துக்கே தேர்தல் ஆணையம் தடை போட்டிருந்தது. மே 10 முதல் தமிழ்நாடு முழுக்க ஊரடங்கு. படத்தில் நெருக்கியடித்த கூட்டம், ஒரு முகத்தில்கூட மாஸ்க் இல்லை என்றால், எழுத்தை மாற்றியிருக்கிறார்களா என்று பார்க்கும் முன்பே தேதியைச் சந்தேகப்பட வேண்டும். படம் உண்மை, தேதி பொய் என்பதுதான் நான் அதிகம் பார்த்த வகை.

இன்னொன்று, அட்டை உண்மையாகவே இருக்கட்டும். யாரோ ஒருவர் அட்டை பிடித்தார் என்பதற்கு மேல் அது எதையும் காட்டாது. வித்தியாசம் குறைவு என்பதற்காகத் தானாக மறு எண்ணிக்கை நடக்கும் சட்டம் நம் நாட்டில் இல்லை. 794 ஆனாலும் சரி, அதே தேர்தலில் தியாகராய நகரின் 137 ஆனாலும் சரி. மொத்த ஓட்டை வாசித்த பிறகு, முடிவை அறிவிப்பதற்கு முன்னால், வேட்பாளரோ அவருடைய ஏஜென்டோ காரணம் சொல்லி எழுத்தில் மனு கொடுக்க வேண்டும். அந்தச் சில நிமிடத்தைத் தவறவிட்டவர்கள்தான் அப்புறம் அட்டை பிடிக்கிறார்கள்.

ஒரே ஒரு விதிவிலக்கு இருக்கிறது, அதைத் தவறாகப் புரிந்துகொண்டுதான் பாதிச் சண்டை வருகிறது. செல்லாது என்று தள்ளிய தபால் ஓட்டுகளின் எண்ணிக்கையை விட வெற்றி வித்தியாசம் குறைவாக இருந்தால், தள்ளிய தபால் ஓட்டுகள் எல்லாவற்றையும் அறிவிப்புக்கு முன் தேர்தல் அதிகாரி கட்டாயம் மறுபடி சரிபார்க்க வேண்டும். வித்தியாசம் 794, தள்ளியது 300 என்று வையுங்கள், இது பொருந்தாது. வித்தியாசம் 100, தள்ளியது 300 என்றால் பொருந்தும். அப்போதும் அந்த 300-ஐத்தான் பார்ப்பார்கள். எந்திர ஓட்டு, செல்லுபடியான தபால் ஓட்டு எதையும் தொட மாட்டார்கள். 'தபால் ஓட்டை மறுபடி பார்த்தார்களே' என்று குழுவில் யாராவது எழுதினால் எதைப் பார்த்தார்கள் என்று கேளுங்கள்.

அறிவிப்புக்குப் பிறகு சட்டமன்றத் தேர்தல் என்றால் உயர் நீதிமன்றம்தான். 45 நாளில் ஒரு நாள் தாமதமானாலும் மன்னிப்பு இல்லை. ஆனால் வழக்கை ஆறு மாதத்தில் முடிக்க முயல வேண்டும் என்று அதே சட்டம் கோர்ட்டுக்குச் சொல்வதை யார் கேட்கிறார்கள்? ராதாபுரத்தில் 2016-இல் வித்தியாசம் 49 ஓட்டு. உயர் நீதிமன்ற உத்தரவில் மறுபடி எண்ணியது 2019 அக்டோபரில். முடிவை வெளியிட உச்ச நீதிமன்றம் தடை போட்டது. 2021-இல் அந்தச் சட்டமன்றத்தின் காலமே முடிந்தது. குடிமகனுக்கு 45 நாள் கெடு வைப்பவர்கள் தங்களுக்கும் ஒரு கெடு வைத்துக்கொள்ள வேண்டாமா? இந்தத் தாமதம்தான் இடைத்தரகர்களுக்குச் சோறு போடுகிறது.

794 பற்றித்தான் உங்கள் குழுவுக்கு அக்கறை என்றால், படத்தை விட்டுவிட்டுப் படிவம் 20-ஐப் பாருங்கள். எந்தச் சாவடியில் யாருக்கு எத்தனை என்பது அதில் இருக்கும், தலைமைத் தேர்தல் அதிகாரியின் இணையதளத்தில் போடுகிறார்கள். வாக்குப்பதிவு முடிந்ததும் பூத் ஏஜென்ட் வாங்க வேண்டிய 17சி படிவத்தில் பதிவான மொத்தம் இருக்கும். இரண்டையும் பக்கத்தில் வைத்தால் பேச ஏதாவது கிடைக்கும்.

இன்று இரவே அந்த மூன்று குழுவிலும் இதைப் போடுங்கள்: 'நான் அனுப்பிய அட்டைப் படம் எங்கே, எப்போது எடுத்தது என்று எனக்குத் தெரியாது. உறுதியாகும் வரை யாரும் மேலே அனுப்ப வேண்டாம்.' நண்பருக்கும் தனியாக அனுப்புங்கள். அதற்குப் பிறகும் போலீஸ் கூப்பிட்டால் போனை அப்படியே எடுத்துக்கொண்டு ஒரு வக்கீலுடன் போங்கள்.