பர்ச்சேஸ் வேலை என்றதும் முகம் சுளிக்காதீர்கள்

இன்ஜினியரிங் முடித்த பெண் கம்பெனிக்கு வேண்டிய சரக்கை வாங்கும் பர்ச்சேஸ் பிரிவில் உட்கார்ந்து பேரம் பேசுவதா என்று கேட்டிருக்கிறீர்கள், அம்மா. கவலை புரிகிறது. வெளியிலிருந்து பார்த்தால் கொட்டேஷன் வாங்குவது, நாலு காசு குறைப்பது, ஆர்டர் போடுவது, சரக்கு வரவில்லை என்றால் போனில் சத்தம் போடுவது, அவ்வளவுதான். எல்லாம் ஒழுங்காக ஓடுகிற நாட்களில் உண்மையும் ஏறக்குறைய அதுதான். ஓடாமல் நிற்கிற நாளில்தான் அந்த நாற்காலியில் உட்கார்ந்திருப்பது யார் என்று கம்பெனி திரும்பிப் பார்க்கும்.

2000 மார்ச் 17 அன்று அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் பிலிப்ஸின் சிப் தொழிற்சாலையில் இடி விழுந்து தீப்பிடித்தது. பத்தே நிமிடத்தில் அணைத்துவிட்டார்கள். ஆனால் சிப் செய்கிற அறையில் துளி தூசிகூட ஆகாது, புகையும் தண்ணீரும் புகுந்ததில் உள்ளே இருந்ததெல்லாம் பாழ். அங்கிருந்து செல்போன் சிப் வாங்கியவர்களில் நோக்கியாவும் எரிக்சனும் உண்டு. ஒரு வாரம் தாமதமாகும் என்ற தகவல்தான் இருவருக்கும் முதலில் வந்தது. நோக்கியாவின் கொள்முதல் ஆட்கள் அதை அப்படியே எடுத்துக்கொள்ளவில்லை. அந்தச் சிப்பைத் தனிக் கண்காணிப்பில் வைத்து தினமும் போன் போட்டுக் குடைந்தார்கள். ஒரு வாரத்தில் முடிகிற கதை இல்லை என்று தெரிந்ததும் பிலிப்ஸின் மற்ற ஆலைகளில் இடம் பிடித்து, வேறு சப்ளையர்களிடமும் பேசி, டிசைனையே கொஞ்சம் மாற்றி எப்படியோ சமாளித்தார்கள். எரிக்சன் காத்திருந்தது. விழித்தபோது மாற்று சப்ளையர் இல்லை, சுமார் 40 கோடி டாலர் விற்பனை போயிற்று. அடுத்த வருடம் தன் போன் தொழிலை சோனியோடு சேர்த்துக்கொண்டது (இது ஒன்று மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன்). இருவருக்கும் வந்தது ஒரே செய்திதான், ஒருவர் மட்டும் சந்தேகப்பட்டார். பர்ச்சேஸ் வேலையில் பாதி இந்தச் சந்தேகம்தான்.

மீதிப் பாதி, சப்ளையருக்குப் பின்னால் யார் இருக்கிறார் என்று எட்டிப் பார்ப்பது. 2011-இல் ஜப்பான் நிலநடுக்கத்துக்குப் பிறகு சில கார் கம்பெனிகளுக்கு மினுமினுக்கும் சில நிறங்களில் வண்டி கொடுக்க முடியவில்லை. அந்த மினுமினுப்பைத் தரும் நிறமிப்பொடி, ஜப்பானின் ஒனஹாமாவில் மெர்க் என்ற ஜெர்மன் கம்பெனிக்கு இருந்த ஓர் ஆலையிலிருந்து மட்டுமே வந்துகொண்டிருந்தது. இந்த மாதிரி நேரத்தில் இரண்டு பெயின்ட் வெண்டர் வைத்திருந்தாலும் பிரயோஜனமில்லை, இருவருமே அதே ஆலையிடம் வாங்கினால் காகிதத்தில்தான் இரண்டு பேர். அந்த அதிர்ச்சிக்குப் பிறகு டொயோட்டா தன் சப்ளையர்களை இரண்டு முதல் ஆறு மாதத்துக்கான சிப் ஸ்டாக் வைத்திருக்கச் சொன்னது, 2021-இல் சிப் பஞ்சம் வந்தபோது மற்றவர்களைவிடக் கொஞ்ச காலம் தாக்குப்பிடித்தது. பிறகு அதுவும் உற்பத்தியைக் குறைக்க வேண்டி வந்தது, அது வேறு விஷயம். ஸ்டாக் வைப்பதும் சும்மா இல்லை, பணம் முடங்கும், இடம் வேண்டும், பைனான்ஸ்காரர்கள் சண்டைக்கு வருவார்கள். எதற்கு வைக்கலாம், எதற்கு வேண்டாம் என்று அவர்களோடு உட்கார்ந்து கணக்குப் போடுவதும் உங்கள் பெண்ணின் வேலைதான். அங்கே இன்ஜினியரிங் படிப்பு வீண் போகாது, டிராயிங் படிக்கத் தெரிந்தவரால்தான் இந்தப் பாகத்துக்குப் பதில் அது பொருந்துமா என்று கேட்க முடியும்.

எக்செல் நன்றாக வர வேண்டும், ஒப்பந்தத்தின் சின்ன எழுத்துகளைப் பொறுமையாகப் படிக்க வேண்டும், தெரியாத ஆளிடம் போனில் பேசத் தயங்கக் கூடாது. கடைசியாகச் சொன்னதில் தயக்கம் இருந்தால் மட்டும் ஒருமுறை யோசியுங்கள். சிஐபிஎஸ் (கொள்முதல் துறைக்கான பிரிட்டிஷ் தொழில்முறை அமைப்பு) தருவது மாதிரி சான்றிதழ் இப்போதே வேண்டாம், ஒரு வருடம் வேலை பார்த்தபின் சேர்ந்தால் பாடம் புரியும். சப்ளையர் தரும் பரிசு எதையும், டைரி உட்பட, வீட்டுக்குக் கொண்டுவரக் கூடாது என்று நீங்களே சொல்லிவையுங்கள்.

சேருவதற்கு முன் வேலை கொடுக்கிற மேனேஜரிடம் ஒன்று கேட்கச் சொல்லுங்கள்: "ஒரே சப்ளையரை நம்பியிருக்கும் பாகங்கள் எத்தனை, அந்தப் பட்டியல் யாரிடம் இருக்கிறது?" பட்டியலைத் திறந்து காட்டினால் கண்ணை மூடிக்கொண்டு சேரலாம். விலை குறைப்பு டார்கெட்டை மட்டும் பேசிக்கொண்டிருந்தால் இன்னும் இரண்டு இடம் பார்க்கட்டும், அவசரமில்லை.