‘அவ’வுக்குப் பிறகு என்ன எழுத்து?

கேள்வி: மதுரையில் பத்துப் பேர் மாதாமாதம் கூடி, மொழியில் ஆண், பெண் பேதம் எப்படி வருகிறது என்று பேசுகிறோம். எழுத்தை மட்டும் வைத்து ஒரு லோகோ செய்ய ஆசை. ‘அவ’ என்று எழுதி, கடைசி எழுத்து வரவேண்டிய இடத்தைக் காலியாக விட்டேன். நீலமும் பிங்கும் பூசினேன். ஏதோ இடிக்கிறது. எங்கே தவறு?

பதில்: வரைந்ததை ஒருமுறை வாய்விட்டுப் படியுங்கள். ‘அவ.’ அவ வந்தா, அவ சொன்னா. பேச்சில் அது ‘அவள்’தான். எந்தப் பாலையும் சொல்லாத வடிவம் என்று நினைத்து நீங்கள் விட்ட காலியிடம், உங்கள் ஊர்க்காரர் காதில் பெண்ணாகவே விழும். இடிப்பது அதுதான்.

ஆனால் நீங்கள் கைவைத்த இடம் சரியானது. தமிழில் பால் சொல்லின் கடைசியில் தெரிகிறது. னகர ஒற்று ஆணுக்கு, ளகர ஒற்று பெண்ணுக்கு, ரகர ஒற்று பலருக்கு என்று தொல்காப்பியம் சொல்லதிகாரத்தின் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது. வினையும் அதன்படிதான் முடிகிறது: வந்தான், வந்தாள், வந்தார். அந்தக் கடைசி எழுத்தை எடுத்துவிடாமல், அதையே வரையுங்கள்.

அப்படியானால் ‘அவர்’ என்று எழுதிவிடலாமே? எழுத்தில் அது இருபாலுக்கும் பொது. பேச்சில் அப்படியில்லை. மரியாதையாக ஓர் ஆணைச் சொன்னால் ‘அவரு’, பெண்ணைச் சொன்னால் ‘அவங்க’. பல வீடுகளில் ‘அவர்’ என்றாலே கணவர். அவர் தம் மனைவியைச் சொல்லும்போது ‘அவள்’. இந்த ஏற்றத்தாழ்வை உங்கள் குழு ஒரு கூட்டம் முழுக்கப் பேசலாம். வெறும் ‘அவர்’ என்று எழுதினால் அது லோகோவில் தெரியாமலே போய்விடும்.

ன், ள், ர் மூன்றையும் ஒரே எழுத்துருவில், உள்ளங்கை அளவுக்கு அச்செடுங்கள். டிரேசிங் தாளில் நகலெடுத்து ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, வலது ஓரத்தைப் பொருத்துங்கள். மூன்றிலும் வலப்பக்கம் ஒரு கால் இறங்குகிறது. ள-வில் ஒரு சுழி, ன-வில் இரண்டு. ர-வில் சுழியே இல்லை, காலின் அடியில் சின்னச் சாய்கோடு மட்டும். மேலே எல்லாவற்றுக்கும் ஒரே புள்ளி. எனக்குப் பிடித்தது இந்த அடுக்குதான். ‘அவ’வுக்குப் பிறகு நீங்கள் விட்ட காலியிடத்தில் இதை வையுங்கள். காலையும் புள்ளியையும் சாய்கோட்டையும் தடிப்பாக வரைந்து, ன, ள இரண்டின் சுழிகளையும் இடப்பக்கம் மெல்லிய கோடாகச் சேருங்கள். தள்ளி நின்றால் ‘அவர்’ தெரியும், கிட்டே வந்தால் அவனும் அவளும் தெரிவார்கள். சாய்கோட்டை மட்டும் அழகுக்காக வெட்டிவிடாதீர்கள். அது இல்லாவிட்டால் ர-வுக்கும் துணைக்காலுக்கும் வித்தியாசம் தெரியாது.

சுழிகளில் தொல்லை உண்டு. டி-ஷர்ட்டில் அச்சடிக்கும்போது மை பரவி அவை அடைத்துக்கொள்ளும். போன் திரையில் 16 பிக்சலுக்குச் சுருக்கினால் மெல்லிய கோடு காணாமல் போகும். அதனால் சின்ன அளவுக்கென்று தனியாக ஒன்று வரையுங்கள்: சுழியின் வயிறு கொஞ்சம் அகலம், கோடு கொஞ்சம் தடிப்பு, புள்ளி வளையமாக இல்லாமல் நிறைந்த வட்டம். முதலில் கறுப்பு, வெள்ளையில் நிற்கட்டும்.

நிறத்துக்கு அப்புறம் வரலாம். நீலம் ஆணுக்கு, பிங்க் பெண்ணுக்கு என்பது கடைக்காரர் பழக்கம், உங்கள் குழுவுக்கு அது வேண்டாம். வெளிர்நீலம், வெளிர் பிங்க், வெள்ளை மூன்றும் சேர்ந்தால் அது 1999-இல் மோனிகா ஹெல்ம்ஸ் வடிவமைத்த திருநர் கொடி. குழுவில் இருக்கும் திருநர்கள் விரும்பினால் சரி. அலங்காரத்துக்காக அதை எடுக்காதீர்கள். ஒரே அடர்நிறம் போதும்.

அடிப்படைக்கு ஹிந்த் மதுரை, முக்தா மலர் போன்ற திறந்த உரிம எழுத்துருக்களை எடுக்கலாம், லோகோவுக்கும் பயன்படுத்த அனுமதி உண்டு. எழுத்தைக் கோட்டுருவமாக (எழுத்துரு தேவைப்படாத வெறும் வரைபடமாக) மாற்றிய பிறகு சுழிகளில் கைவையுங்கள். கோப்பை அச்சகத்துக்கு அனுப்பும்போதும் அப்படியே அனுப்புங்கள், அங்கே அந்த எழுத்துரு இல்லாமல் எழுத்து உடையும் தொல்லை இருக்காது.

கடைசியாக ஒன்று. லோகோவுக்குக் கீழே பெயரைத் தட்டச்சு செய்யும்போது ர விசையையே அழுத்துங்கள். நிறையப் பேர் துணைக்காலுக்கு மேல் புள்ளி வைத்து ‘அவா்’ என்று அடித்துவிடுகிறார்கள். பார்வைக்கு ஒன்றுபோலத்தான் இருக்கும், ஆனால் ‘அவர்’ என்று தேடுகிறவருக்கு அது அகப்படாது.