ஸ்காட்டிஷ், ஐரிஷ் நாட்டுப்புற இசைக்குழுவோடு டூர் போகும் வாழ்க்கை உண்மையில் எப்படி இருக்கும்?

"கெல்டிக் இசைக்குழுக்களின் மேடை வீடியோக்களைப் பார்க்கிறேன், அவர்களோடு ஊர் ஊராகப் போகும் வாழ்க்கை எப்படி இருக்கும், போனவர்கள் சொல்லுங்கள்" என்று கேட்டிருக்கிறீர்கள். நான் போனவன். வாத்தியம் வாசிக்கப் போகவில்லை. வண்டி ஓட்டவும் ஒலி அமைக்கவும் போனேன். 2017 முதல் 2023 வரை, கொரோனாவில் எல்லாம் நின்றுபோன காலம் தவிர, கிளாஸ்கோவில் இருக்கும் ஐந்து பேர் குழு ஒன்றோடு. அவர்கள் வீட்டு விஷயங்களும் இதில் வருவதால் குழுவின் பெயர் வேண்டாம்.

எனக்குச் சொந்த ஊர் மதுரைப் பக்கம். மாமா மைக் செட் வைத்திருந்தார். பள்ளிக்கூட லீவில் அவரோடு போய்த் திருவிழாவுக்கும் கல்யாணத்துக்கும் குழாய் கட்டிப் பழகிய கை. பிறகு ஒலித் தொழில்நுட்பம் படிக்க கிளாஸ்கோ வந்தேன். அங்கே 1994 முதல் ஒவ்வொரு ஜனவரியிலும் கெல்டிக் கனெக்‌ஷன்ஸ் என்ற பெரிய விழா நடக்கிறது. மழையும் இருட்டுமான மாதத்தில் ஊர் முழுக்க அரங்குகளில் கச்சேரி. அதில் கேபிள் சுற்றும் வேலை கிடைத்தது. அங்கேதான் இந்தக் குழு பழக்கமானது. அவர்களுடைய பழைய ஒலிக்காரர் ஊர் மாறிப் போனபோது என்னைக் கூப்பிட்டார்கள்.

ஸ்காட்லாந்து, அயர்லாந்து போன்ற பகுதிகளின் இசைக்குக் கெல்டிக் என்ற பொதுப் பெயரை வெளியில் இருப்பவர்கள்தான் அதிகம் சொல்கிறார்கள். வாசிப்பவர்கள் "ட்ராட்" என்பார்கள், அதாவது மரபிசை. எங்கள் குழுவில் பிடில் வாசிக்கும் பெண், பை கட்டிய குழல் வாசிக்கும் பைப்பர், அக்கார்டியன்காரர், கித்தார்காரர், ஸ்காட்லாந்தின் வடமேற்கே இருக்கும் லூயிஸ் தீவில் பிறந்து அங்கத்திய பழைய மொழியான கேலிக்கில் பாடும் பெண் என ஐந்து பேர். பாடகியே போரானும் அடிப்பார். அது ஆட்டுத்தோல் கட்டிய சட்டப் பறை மாதிரியான வாத்தியம்.

ஒரு நாள் எப்படிப் போகும் என்றால், காலை 9 மணிக்கு வண்டியில் சாமான் ஏற்றுவோம். நான்கைந்து மணி நேர ஓட்டம். மேற்குக் கரைப் பக்கம் போகப் போகச் சாலை ஒற்றைத் தடமாகச் சுருங்கிவிடும். எதிரே வண்டி வந்தால் ஒதுங்குவதற்கென்று சற்று அகலமான இடங்கள் விட்டிருப்பார்கள். ஒதுங்கியவருக்குக் கையைத் தூக்கி நன்றி சொல்லாமல் யாரும் கடப்பதில்லை. இருட்டிய பிறகு மான்கள் குறுக்கே வரும். அந்தச் சாலைகளில் நான் 60 கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டியதே இல்லை. 3 மணிக்கு மண்டபம், 5 மணிக்கு ஒலிச் சோதனை, 6 மணிக்கு யாராவது காய்ச்சிக் கொண்டுவரும் சூப், ஏழரைக்குக் கச்சேரி. இடைவேளையில் தேநீர், வீட்டில் சுட்ட கேக், மண்டபத்துக் கூரையைப் பழுது பார்க்கக் குலுக்கல் சீட்டு. 10 மணிக்கு முடிந்தால் வண்டி ஏற்ற 11 ஆகும். ஆக, 24 மணி நேரத்தில் இசை என்று பார்த்தால் 2 மணி நேரம் வரும்.

அக்கார்டியன்காரருக்கு அப்போது மூன்று வயதில் ஒரு மகள். தினமும் சரியாக 7 மணிக்கு, எங்கே இருந்தாலும், அவளுக்குப் போனில் கதை படித்துத் தூங்க வைப்பார். அதனால் 6:50-க்குள் ஒலிச் சோதனை, சாப்பாடு எல்லாம் முடிந்திருக்க வேண்டும் என்பது குழுவில் எழுதாத சட்டம். மண்டபத்தில் போன் சிக்னல் இல்லாத ஊர்களில் வண்டியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போவார், நான் கூடப் போவேன். சில கதைகள் எனக்கே மனப்பாடம் ஆகிவிட்டன.

பணம்? இவர்களில் யாரும் டூரை மட்டும் நம்பி இல்லை. பிடில் வாசிப்பவர் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுக்கிறார், கித்தார்காரர் தச்சு வேலை பார்க்கிறார். கச்சேரி இல்லாத நாளிலும் ஆறு பேருக்குச் சாப்பாடும் அறையும் வேண்டும். அதனால் 10 நாள் டூரில் 9 கச்சேரி வைப்பார்கள். டிக்கெட் பணம் டீசலுக்கும் வண்டி வாடகைக்கும் போய், சிடி விற்ற காசு மட்டும் கையில் நின்ற இரவுகள் உண்டு.

என் வேலையில் நான் உண்மையிலேயே கற்றுக்கொண்டது ஈரமும் சூடும் இசையை என்ன செய்யும் என்பதை. எங்கள் பைப்பர் வாசித்தது இல்லன் பைப், அயர்லாந்துக்காரர்களுடையது. வாயால் ஊதுவதில்லை. ஒரு முழங்கையால் துருத்தியை அமுக்கிக் காற்றை ஏற்றி, மறு கைக்கு அடியில் இருக்கும் பையிலிருந்து குழலுக்கு விடுவார். ஐரிஷ் மொழியில் அந்தப் பெயருக்கே முழங்கை என்றுதான் பொருள். கூடவே மூன்று ஒத்துக் குழல்கள் சுருதி பிடித்துக்கொண்டே இருக்கும். நாதஸ்வரத்துக்குச் சீவாளி போல இதற்கும் நாணல் தட்டையில் சீவிய இரட்டை நாக்குதான் உயிர். கடற்கரை ஊரின் ஈரக் காற்றில் அழகாகப் பேசும். மறுநாள் ஹீட்டர் போட்டுக் காய்ந்த அறைக்குள் நுழைந்தால் வாய் இறுகிக்கொள்ளும். குளிர்கால இரவுகளில் அவர் பைப்பை ஒருநாளும் வண்டியில் விட்டதில்லை.

மேடை விளக்குச் சூட்டில் இன்னொன்று நடக்கும். குழல் சூடேறினால் சுருதி ஏறும், தந்தி சூடேறினால் தளர்ந்து சுருதி இறங்கும். ஒரே விளக்கின் கீழே பைப் ஒரு பக்கமும் கித்தார் ஒரு பக்கமும் போகும். குழலை அந்த நேரத்தில் ஒன்றும் செய்ய முடியாது, மற்றவர்கள்தான் அதற்கு இணங்கி வர வேண்டும். பாட்டுக்கு நடுவே கித்தார்காரர் முறுக்காணியைத் திருகிக்கொண்டே இருப்பதைப் பார்த்திருப்பீர்கள், அதற்குக் காரணம் இதுதான். போரான் கதை வேறு. ஈரத்தில் தோல் தொய்ந்துவிடும், காய்ந்த காற்றில் விறைத்துவிடும். விறைத்தால் பாடகி உள்பக்கம் கொஞ்சம் தண்ணீர் தடவுவார். மிருதங்கத்தின் தொப்பியில் ரவைப் பசை அப்புவதை முதல் வாரமே அவரிடம் சொன்னேன். எத்தனை நேரம் தாங்கும், கச்சேரி முடிந்ததும் என்ன செய்வார்கள் என்று வண்டியில் இரண்டு மணி நேரம் கேட்டுக்கொண்டே வந்தார்.

லூயிஸ் தீவுக்கு உல்லாபூலிலிருந்து கப்பலில் இரண்டே முக்கால் மணி நேரம். காற்று பலமாக இருந்தால் கப்பல் ஓடாது, அந்தக் கச்சேரியும் இல்லை. நவம்பர் மாதம் ஒரு முறை இரண்டு நாள் துறைமுகத்திலேயே கிடந்தோம். அந்தத் தீவில் ஞாயிற்றுக்கிழமையை ஓய்வு நாளாகக் கறாராகக் கடைப்பிடிப்பவர்கள் இன்றும் இருக்கிறார்கள். தீவின் துறைமுகமான ஸ்டோர்னோவேயிலிருந்து ஞாயிறு கப்பல் ஓடத் தொடங்கியதே 2009-இல்தான். சனிக்கிழமைக் கச்சேரி என்றால் நள்ளிரவுக்கு முன் மண்டபத்தைக் காலி செய்துவிடுவோம். ஞாயிறு காலை பாடகியின் அம்மா தேவாலயத்துக்குப் போகும்போது என்னையும் வரச் சொன்னார்.

அங்கே வாத்தியம் எதுவும் இல்லை. முன்னால் ஒருவர் பைபிளின் சங்கீதப் புத்தகத்திலிருந்து ஒரு வரியைக் கேலிக் மொழியில் எடுத்துக் கொடுக்கிறார். சபை அந்த வரியைப் பிடிக்கிறது. ஆனால் எல்லாரும் ஒரே நேரத்தில் ஒரே மாதிரி பாடுவதில்லை. அவரவர் வேகத்தில், அவரவருக்கு வந்த கமகத்தோடு அதே மெட்டில் நகர்கிறார்கள். ஒருவர் முடிக்க இன்னொருவர் தொடங்க, அலை மேல் அலை ஏறி வருவது போல ஒரு சத்தம். மைக் இல்லாமல் அப்படி ஒரு நிறைவை நான் அதுவரை கேட்டதில்லை. வெளியே வந்ததும் பாடகி, "நான் பாடுறது எங்கேயிருந்து வந்ததுன்னு இப்போ தெரியுதா?" என்றார். அன்றிலிருந்து அவர் குரலுக்கு நான் எதிரொலி சேர்ப்பதை நிறுத்திவிட்டேன்.

பிரெஞ்சு நாட்டின் பிரிட்டனி பகுதியில் லோரியன் என்ற ஊரில் 1971 முதல் ஆகஸ்டில் நடக்கும் விழாவுக்கும் ஒரு முறை போனோம். அயர்லாந்து, ஸ்காட்லாந்து, வேல்ஸ், ஸ்பெயினின் கலீசியா என்று பல பக்கத்திலிருந்தும் வருவார்கள். தெருவில் நடந்துகொண்டிருந்தவன் ஒரு சத்தம் கேட்டு அப்படியே நின்றுவிட்டேன். நாதஸ்வரம்! ஓடிப் போய்ப் பார்த்தால் பொம்பார்ட் என்று ஒரு குட்டைக் குழல். கூம்பு வடிவ மரம், இரட்டைச் சீவாளி, கூசாமல் காற்றைக் கிழிக்கும் ஒலி. ஊத நிறைய மூச்சு வேண்டும் என்பதால் விடாமல் வாசிக்க மாட்டார்கள். பினியூ என்ற சின்னப் பைப் பக்கத்தில் தொடர்ந்து வாசிக்க, பொம்பார்ட்காரர் ஒரு அடி விட்டு ஒரு அடி சேர்ந்துகொள்கிறார். ஐரோப்பாவின் மேற்கு ஓரத்தில் நின்றுகொண்டு எங்கள் தெரு அம்மன் கோயில் புறப்பாட்டை நினைத்து அழுதேன்.

இந்தியப் பாஸ்போர்ட்டில் இந்த வேலைக்கு வர நினைப்பவர்களுக்கு ஒன்று சொல்ல வேண்டும். குழுவில் எல்லாரும் ஐரோப்பாவுக்குள் சும்மா போய் வந்த காலத்திலும் எனக்கு ஒவ்வொரு முறையும் ஷெங்கன் விசா தேவைப்பட்டது. ஒரு ஆகஸ்டில் டென்மார்க் விழாவுக்கு எல்லாம் தயார் செய்து வைத்தும் விசா நேரத்துக்கு வரவில்லை. ஒரு வாரத் தாமதம், கேட்டால் பதில் சொல்ல ஆள் இல்லை. நான் அமைத்த ஒலியை வேறொருவர் அங்கே போட்டார். அந்த வருத்தம் இன்னும் போகவில்லை. பிரிட்டன் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு விலகியதால் 2021 முதல் பிரிட்டன்காரர்களுக்கும் 180 நாளில் 90 நாள்தான் தங்கலாம் என்ற கணக்கு வந்துவிட்டது. வாத்தியங்களின் பட்டியல், விற்கக் கொண்டுபோகும் சிடிக்குச் சுங்கக் காகிதம் என்று வேலை கூடிவிட்டது. சிறிய குழுக்களை இது நிஜமாகவே முடக்குகிறது. எங்கள் குழு வருடத்துக்கு மூன்று முறை போன ஐரோப்பாவுக்கு இப்போது ஒரு முறை போகிறது.

இனி ஷெட்லாந்து, ஸ்காட்லாந்துக்கு வடக்கே இருக்கும் தீவுக்கூட்டம். நீங்கள் கேட்டதற்கு என்னிடம் இருக்கும் முழு பதிலும் அங்கேதான் இருக்கிறது.

1981 முதல் அங்கே ஏப்ரல் கடைசி, மே தொடக்கத்தில் நாட்டுப்புற இசை விழா நடக்கிறது. நடத்துவது ஊர்க்காரர்கள், சம்பளம் இல்லாமல். வெளியிலிருந்து வரும் வாத்தியக்காரர்களை வீடுகளில் தங்க வைப்பார்கள். நாங்கள் 2019-இல் போனோம். அபர்டீனில் மாலையில் ஏறினால் மறுநாள் காலை ஏழரைக்கு ஷெட்லாந்தின் லெர்விக் துறைமுகம். கப்பலின் பாரில் அன்றிரவு முழுக்க செஷன். பெயர் தெரியாதவர்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் ஒரு மெட்டைத் தொடங்க மற்றவர்கள் சேர்ந்துகொள்கிறார்கள், கப்பல் சாய்ந்தால் வில்லும் சாய்கிறது.

ஷெட்லாந்துக்காரர்கள் தங்களைக் கெல்டிக் என்று சொல்லிக்கொள்வதில்லை. 1469-இல் டென்மார்க் அரசர் மகளின் சீதனத்துக்கு ஈடாக ஸ்காட்லாந்திடம் அடகு வைத்த தீவுகள் அவை. பேச்சிலும் இசையிலும் நார்வேயின் வாடை அடிக்கும். பிடில்தான் அந்த ஊரின் வாத்தியம். எனக்கும் பிடில்காரிக்கும் பாடகிக்கும் இடம் கொடுத்தவர்கள் ஒரு வயதான மீனவரும் அவர் மனைவியும். அரங்கக் கச்சேரி முடிந்து நள்ளிரவுக்கு மேல் வீடு வந்தால், அடுப்படியில் பக்கத்து வீட்டார் ஏழெட்டுப் பேர் பிடிலோடு உட்கார்ந்திருந்தார்கள். மேசை மேல் உப்புக்கண்ட ஆட்டிறைச்சி சூப்.

அந்த அம்மா என்னைப் பார்த்து, "நீ எதுவும் வாசிக்க மாட்டியாப்பா?" என்றார். வாத்தியம் தெரியாது என்றேன். அவர்கள் அப்போது ஜிக் என்ற ஆட்ட மெட்டு ஒன்றை வாசித்து முடித்திருந்தார்கள். 6/8 கணக்கு, நம் காதுக்குத் தகிட தகிட. மேசையைத் தட்டி, பள்ளியில் மிருதங்கம் படித்த நண்பனிடம் கற்ற நாலு சொற்கட்டைத் திஸ்ர நடையில் சொன்னேன். பாடகி நிமிர்ந்து உட்கார்ந்தார். கேலிக் மரபில் பூர்ஷ்ட் அ பியல் என்று ஒன்று உண்டு, 'வாய் மெட்டு' என்று அர்த்தம். ஆடுவதற்கு வாத்தியம் இல்லாதபோது மெட்டை வேகமான சொற்களாலேயே பாடிவிடுவது. என் நாலு வரிக்கு அவர் நாலு வரி பதில் சொன்னார். நான் மறுபடி. இரண்டு வருடம் ஒரே வண்டியில் போயிருக்கிறோம், அந்த இரவு வரை இருவருக்கும் இது தோன்றவில்லை. பிடில்கள் கீழே மெல்லச் சேர்ந்தன. எவ்வளவு நேரம் போனதென்று தெரியாது.

எல்லாரும் ஓய்ந்த பிறகு அந்த மீனவர் எங்கள் பிடில்காரியிடம் ஒரே ஒரு மெட்டைக் கேட்டார். டாம் ஆண்டர்சன் (1910–1991) அமைத்தது. தீவின் பழைய பிடில் மெட்டுகளைத் தேடிச் சேர்த்து, பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தவர் அவர். 1969-இல் தன் சொந்த ஊரான எஷனஸைத் திரும்பிப் பார்த்தபோது, விளக்கெரியும் வீடுகள் குறைந்துபோயிருப்பதைக் கண்டு அந்த மெட்டைப் போட்டார். பெயருக்கே அணைந்த விளக்கு என்று பொருள். மீனவர் நாற்காலியை ஜன்னல் பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கேட்டார். வெளியே வெளுக்கத் தொடங்கியிருந்தது.

முடிந்ததும் யாரும் கை தட்டவில்லை. அவர் எழுந்து கெட்டிலை அடுப்பில் வைத்தார். மணி 4. காலை 10 மணிக்கு நான் அடுத்த ஊர் மண்டபத்தில் கேபிள் விரிக்க வேண்டும். சூப் கிண்ணங்களைக் கழுவி அடுக்கிவிட்டு, தேநீருக்காகக் காத்திருந்தேன்.