ஜெர்மனியில ஃபாக்‌ஷாஃப்ட்ல சேரலாமான்னு கேட்ட தம்பிக்கு

தம்பி, நீ கேட்டது இதான். (ஃபாக்‌ஷாஃப்ட்னா ஒரு துறையில படிக்கிறவங்க தங்களுக்குள்ள தேர்ந்தெடுக்கிற மாணவர் குழு.) அக்டோபர்ல மாஸ்டர்ஸ் சேர்ந்திருக்க, கூடப் படிக்கிற ஜெர்மன் பொண்ணு ஒருத்தி "எங்க ஃபாக்‌ஷாஃப்ட் மீட்டிங்குக்கு வா, மாஸ்டர்ஸ்ல இருந்து ஆளே இல்ல, அடுத்த தேர்தல்ல நில்லு"ன்னு கூப்பிட்டிருக்கா, உன் ஜெர்மன் பி1 தான் (நடுத்தர லெவல்), பார்ட் டைம் வேலை வேற தேடணும், விசாவுக்கு ஏதாவது பிரச்சனை வந்துடுமோன்னு பயம், ஊர்ல அப்பா "லோன் போட்டு படிக்க அனுப்பினா அங்க போய் எலக்‌ஷன்ல நிக்கிறியா"ன்னு சத்தம் போடுறார். போகலாமா வேணாமா?

போ. என் பதில் அவ்ளோதான், மிச்சம் எல்லாம் ஏன் போகணும்னு சொல்றதுக்குத்தான்.

முதல்ல விசா பயத்தை எடுத்துடுவோம். யுனிவர்சிட்டி தேர்தல்ல ஓட்டுப் போடுறதுக்கும் நிக்கிறதுக்கும் எந்த நாட்டு பாஸ்போர்ட்னு யாரும் பார்க்க மாட்டாங்க, அங்க அட்மிஷன் ஆகியிருந்தா போதும். ஃபாக்‌ஷாஃப்ட் வேலை சம்பளம் இல்லாத வேலை, அதனால உன் பெர்மிட்ல இருக்கிற வருஷத்துக்கு 140 முழு நாள் இல்லன்னா 280 அரை நாள் வேலை பார்க்கலாம்ங்கிற கணக்குல அது வராது (2024 மார்ச் வரைக்கும் அது 120, 240ன்னு இருந்துச்சு, பழைய கணக்கை இன்னும் நிறைய பேர் சொல்லிட்டு இருப்பாங்க, அதை நம்பாத). அதுக்கு மேல ஆஸ்டான்னு ஒண்ணு இருக்கு, மொத்த யுனிவர்சிட்டி ஸ்டூடண்ட்ஸுக்குமான நிர்வாகக் குழு, அதுல பொறுப்புல இருக்கிறவங்களுக்கு மாசாமாசம் ஒரு தொகை வரும். அந்த லெவலுக்குப் போறப்போ மட்டும் முன்னாடியே இன்டர்நேஷனல் ஆபீஸ்ல கேட்டு எழுத்துல வாங்கிக்கோ. இப்போதைக்கு அது உனக்குத் தேவையில்ல.

அப்பா கிட்ட எலக்‌ஷன்ங்கிற வார்த்தையையே எடுக்காத, அவருக்கு அதைக் கேட்டா வேற படம் ஓடும். "கிளாஸ் கமிட்டி மாதிரிப்பா"ன்னு சொல்லு. நீ அண்ணா யுனிவர்சிட்டி அஃபிலியேட்டட் காலேஜ்ல படிச்சவன்தானே, ரெகுலேஷன்லயே கிளாஸ் கமிட்டின்னு ஒண்ணு இருக்கும், பாடம் எடுக்கிற ஆசிரியர்கள், கிளாஸ்ல இருந்து சில பசங்க பொண்ணுங்க, அந்த கிளாஸுக்குப் பாடமே எடுக்காத ஒருத்தர் சேர்பர்சன். எழுத்துல பார்த்தா ரொம்ப நல்ல ஏற்பாடு. ஆனா எங்க காலேஜ்ல அது எப்படி நடந்துச்சுன்னா, ரெப்பா போனவன் "எல்லாம் நல்லா போகுது சார், ப்ராஜெக்டர் மட்டும் சரியில்ல"ன்னு சொல்லிட்டு வந்துடுவான், ஏன்னா இன்டர்னல் மார்க் யார் கையில இருக்குன்னு அவனுக்குத் தெரியும். நமக்கு வாய் இல்லாம இல்லப்பா, பேசுனா என்ன ஆகும்ங்கிற பயம் அப்படியே பழகிப்போச்சு. அதைத் தூக்கிட்டுத்தான் நாம இங்க வர்றோம். இங்க பெரும்பாலான பாடத்துல கடைசி எக்ஸாம் ஒண்ணுதான் மொத்த மார்க்கும், திருத்தின பேப்பரை நீ நேர்ல போய் உக்காந்து பார்க்கிறது உன் உரிமை, கமிட்டியில ஒரு ப்ரொஃபசரை எதிர்த்துப் பேசினதுக்காக யாரும் உன் மார்க்ல கை வைக்கப் போறதில்ல. இது உடம்புக்குப் புரியிறதுக்கே எனக்கு ஒரு செமஸ்டர் ஆச்சு.

ஃபாக்‌ஷாஃப்ட் என்ன பண்ணும்னு கேட்டல்ல. வெளியில இருந்து பார்க்கிறப்போ பார்ட்டி நடத்துற கூட்டம் மாதிரிதான் தெரியும். செமஸ்டர் ஆரம்பத்துல புதுசா வர்ற எர்ஸ்டிகளை ஊர் சுத்திக் காட்டுறது, கையில ஒரு பை கொடுக்கிறது, டிசம்பர்ல க்ளூவைன்னு சூடான மசாலா ஒயின் விக்கிறது, கிரில் போடுறது. அதெல்லாம் உண்டு. அதோட பழைய க்ளௌசூர் (எழுத்துத் தேர்வு) பேப்பர் சேர்த்து வைக்கிறது, ஓரல் எக்ஸாம் முடிச்சு வந்தவங்க கிட்ட என்ன கேள்வி கேட்டாங்கன்னு எழுதி வாங்கி அடுத்தவங்களுக்குக் கொடுக்கிறது. ஆனா உண்மையான வேலை அதுக்குப் பின்னாடி இருக்கு. ஃபேக்கல்டி கவுன்சில், பாடத்திட்டம் பேசுற கமிட்டி, எக்ஸாம் கமிட்டி, புது ப்ரொஃபசரை எடுக்கிற கமிட்டி, இது எல்லாத்துலயும் ஸ்டூடண்ட்ஸுக்கு நாற்காலி உண்டு, அந்த நாற்காலிக்கு ஆள் பெரும்பாலும் ஃபாக்‌ஷாஃப்ட்ல இருந்துதான் போவாங்க. புது ப்ரொஃபசர் போஸ்டுக்கு வர்றவங்க எல்லாரும் சாம்பிளுக்கு ஒரு வகுப்பு எடுத்துக் காட்டணும், நீ கமிட்டியில இருந்தா அந்த ஹால்ல உக்காந்து கேட்டு, இவர் சொல்றது பசங்களுக்குப் புரியுமா புரியாதான்னு உன் கருத்தைச் சொல்லலாம். இன்னும் இருபது வருஷம் அந்தப் பாடத்தை எடுக்கப் போற ஆளைப் பத்தி 24 வயசுப் பையன் ஒருத்தன் சொல்றதைக் குறிச்சுக்கிறாங்க. அங்க பேசினதை வெளிய சொல்லக்கூடாது, அது ரொம்ப முக்கியம், நண்பன் கிட்ட கூட.

நான் மெக்கானிக்கல் மாஸ்டர்ஸ் படிச்சேன், மேற்கு ஜெர்மனியில ரூர் பகுதியில. நம்ம பசங்க நிறைய பேருக்கு அட்மிஷன் லெட்டர்லயே ஆஃப்லாகன் போட்டிருப்பாங்க, அதாவது உன் பி.இ.யில இந்தப் பாடம் போதாது, இங்க பேச்சலர்ஸ் பசங்களோட உக்காந்து எழுதி பாஸ் பண்ணுன்னு. மாஸ்டர்ஸ் இங்கிலீஷ்ல, ஆனா இந்த பேச்சலர் பாடம் மட்டும் முழுக்க ஜெர்மன்ல. கணக்கு தெரியும், கேள்வியில வர்ற ஒரு சொல் தெரியாம மொத்தக் கணக்கும் தப்பாகும். பெரும்பாலான இடத்துல ஒரு பாடத்துக்கு மூணு வாய்ப்புதான், மூணாவதும் போச்சுன்னா கோர்ஸே போச்சு, அதே கோர்ஸை வேற ஊர்லயும் சேர முடியாம போகும், கூடவே பெர்மிட் பிரச்சனை. எங்க வாட்ஸ்அப் குரூப்ல இதைப் பத்தி ராத்திரி முழுக்க புலம்பல் ஓடும். அதே வாரம் எக்ஸாம் கமிட்டி கூடியிருக்கும், அங்க இருந்த ஒருத்தருக்கும் இப்படி ஒண்ணு இருக்கிறதே தெரியாது. கெட்ட எண்ணம் எல்லாம் இல்லப்பா, சொல்றதுக்கு அந்த மேஜையில ஆள் இல்ல, அவ்ளோதான்.

நான் ஃபாக்‌ஷாஃப்ட் மீட்டிங்ல இதைச் சொன்னப்போ, அங்க சீனியரா இருந்த ஒரு ஜெர்மன் பையன் கேட்டது இன்னும் நல்லா ஞாபகம் இருக்கு. எந்த எக்ஸாம், எத்தனை பேர், எக்ஸாம் விதிமுறையில எந்தப் பாரா, நீ கேக்கிறது சரியா என்ன? இந்த நாலையும் அரைப் பக்கத்துல எழுதுன்னான். கஷ்டமா இருக்குன்னு எழுதாத, என்ன வேணும்னு எழுது. சரின்னு உக்காந்து எழுதினோம். ரெண்டு பாடம், பதினோரு பேர், கேக்கிறது ஆஃப்லாகன் எக்ஸாம்ல பேப்பர் டிக்‌ஷனரி ஒண்ணு வெச்சுக்க அனுமதி. கமிட்டியில ஒரு ப்ரொஃபசர் உடனே "உள்ள பிட் எழுதிட்டு வந்தா?"ன்னாரு. நியாயமான கேள்விதான். கமிட்டியில இருந்த எங்க ஃபாக்‌ஷாஃப்ட் ஆளு அமைதியா "அப்போ டிக்‌ஷனரியை டிபார்ட்மென்ட்டே வாங்கி எக்ஸாம் அன்னைக்குக் கொடுக்கட்டும், முடிஞ்சதும் திருப்பி வாங்கிக்கட்டும்"னான். யாரும் குரல் ஒசத்தல. அடுத்த மீட்டிங்ல பாஸ் ஆச்சு. அந்த செமஸ்டர் எக்ஸாம் ஹால்ல முன் வரிசை மேஜை மேல கனமான டிக்‌ஷனரி வரிசையா அடுக்கி வெச்சிருந்ததைப் பார்த்தப்போ எனக்கு இருந்த சந்தோஷம் என் சொந்த மார்க்குக்குக் கூட வந்ததில்ல.

எல்லாம் இப்படி நடக்கும்னு நினைச்சுட்டுப் போகாத. ஸ்டூடண்ட்ஸுக்கு நாற்காலி கொஞ்சம்தான், ஓட்டுல ப்ரொஃபசர்ங்க பக்கம் எப்பவும் கனம் ஜாஸ்தி. அதுக்கு ஒரு வரலாறு இருக்கு. 1967 நவம்பர் 9ஆம் தேதி ஹாம்பர்க் யுனிவர்சிட்டியில ப்ரொஃபசர்ங்க எல்லாம் அங்கி போட்டு ஊர்வலமா வர்றப்போ, முன்னாடி ஆஸ்டா தலைவர்களா இருந்த ரெண்டு மாணவர்கள் அவங்களுக்கு முன்னால ஒரு பேனரைப் பிடிச்சுட்டு நடந்தாங்க, இந்த அங்கிகளுக்கு அடியில ஆயிரம் வருஷத்துப் புழுக்க நாத்தம்னு. அந்தக் காலத்து மாணவர்கள் கேட்டது கமிட்டியில ப்ரொஃபசர், அசிஸ்டென்ட், ஸ்டூடண்ட் மூணு தரப்புக்கும் சரிசமமா மூணுல ஒரு பங்கு. 1973 மே மாசம் அரசியல் சாசன கோர்ட் தீர்ப்பு சொல்லிருச்சு, பாடம் நடத்துற விஷயத்துல ப்ரொஃபசர்ங்களுக்குக் குறைஞ்சது பாதி ஓட்டு, ஆராய்ச்சியிலயும் புது ப்ரொஃபசர் எடுக்கிறதுலயும் அவங்க முடிவுதான் கடைசின்னு. அதனால ஓட்டை எண்ணி ஜெயிக்கிற இடம் இல்ல அது, பேப்பரைத் தயார் பண்ணி, மீட்டிங்குக்கு முன்னாடியே ஒருத்தர் ரெண்டு பேரைப் பார்த்துப் பேசி ஜெயிக்கிற இடம்.

மாநிலத்துக்கு மாநிலம் சட்டமும் வேற. பவேரியாவுல 1970கள்ல மாணவர் அமைப்போட சட்ட அந்தஸ்தை எடுத்தாங்க, இன்னும் திருப்பித் தரல, ஆனாலும் அங்கயும் ஃபாக்‌ஷாஃப்ட் ஓடுது. பாடன் வூர்ட்டம்பெர்க்ல 1977ல எடுத்து 2012ல தான் திருப்பிக் கொடுத்தாங்க. அதே பாடன் வூர்ட்டம்பெர்க்ல தான் 2017 குளிர்கால செமஸ்டர்ல இருந்து ஐரோப்பிய யூனியனுக்கு வெளிய இருந்து வர்றவங்களுக்கு செமஸ்டருக்கு 1500 யூரோ ஃபீஸ் போட்டாங்க, 2024ல இருந்து மூனிச் டெக்னிக்கல் யுனிவர்சிட்டியும் போட ஆரம்பிச்சாச்சு, மாஸ்டர்ஸுக்குன்னா செமஸ்டருக்கு 4000ல இருந்து 6000 வரைக்கும். நமக்கு மட்டும் வர்ற ஃபீஸ், அதை எதிர்த்து முதல்ல தெருவுல இறங்கினவங்கள்ல அந்த ஃபீஸ் கட்டத் தேவையே இல்லாத ஜெர்மன் பசங்க இருந்தாங்க. 2022-23 குளிர்கால செமஸ்டர்ல இருந்து இங்க வெளிநாட்டு மாணவர்கள்ல இந்தியாதான் முதல் இடம், சீனாவை விட ஜாஸ்தி. இவ்ளோ பேர் இருக்கோம், கமிட்டி மேஜையில நம்ம முகம் எத்தனைன்னு பாரு. எனக்கு இதுல உண்மையாவே வருத்தம் உண்டு.

நீ மாசாமாசம் ட்ரெயின்ல போற டிக்கெட் இருக்கே, டாய்ச்லாண்ட் செமஸ்டர் டிக்கெட், 2024 கோடைகால செமஸ்டர்ல அது வந்தப்போ பல யுனிவர்சிட்டியில மாணவர் பார்லிமென்ட் கூடி வேணுமா வேணாமான்னு ஓட்டுப் போட்டுத்தான் வந்துச்சு. அந்தப் பார்லிமென்ட்டுக்கு நடக்கிற தேர்தல்ல ஓட்டுப் போடுறவங்க ரொம்பக் கம்மி, நம்ம ஆளுங்க அதை விடக் கம்மி. உனக்கு வர்ற ஓட்டு மெயிலை ஸ்பேம்னு அழிச்சுடாத.

ஜெர்மன் பத்தி. பி1 வெச்சு முதல் மீட்டிங்ல பாதிதான் புரியும், வேகமாப் பேசுவாங்க, எல்லாத்துக்கும் சுருக்கப் பேருதான். ஆனா எல்லா மீட்டிங்குக்கும் அஜெண்டா முன்னாடியே வரும், ப்ரோட்டோகால், அதாவது மீட்டிங்ல என்ன பேசினாங்கங்கிற குறிப்பு, பின்னாடி வரும். அஜெண்டாவை மொதல் நாள் ராத்திரி உக்காந்து படி, ப்ரோட்டோகாலை மறுநாள் படி, நடுவுல நடந்தது தானா ஒட்டிக்கும். பேசணும்னா கை தூக்கு, லிஸ்ட்ல உன் பேரு எழுதுவாங்க, உன் முறை வர்ற வரைக்கும் யாரும் உன்னை முந்த மாட்டாங்க, நீ பேசுறப்போ தடுமாறினாலும் குறுக்க வர மாட்டாங்க. நல்லா சொன்னன்னா கை தட்ட மாட்டாங்க, மேஜையை விரல் முட்டியால தட்டுவாங்க, பயந்துடாத. கொஞ்ச மாசம் கழிச்சு ப்ரோட்டோகால் எழுதுற வேலையை நீயே கேட்டு வாங்கு, கூட ஒருத்தரை உக்கார வெச்சுக்கோ. ஆபீஸ் ஜெர்மன் எனக்கு வந்தது அப்படித்தான், பி2 கிளாஸ்ல வந்ததில்ல. இன்னைக்கு வேலையில மீட்டிங்ல ஜெர்மன் ஆளுங்களோட சரிக்குச் சரி வாதாட முடியுதுன்னா அது அங்க பழகினது.

நேரம் எவ்ளோ போகும்? வாரத்துல ஒரு சாயங்காலம் மீட்டிங், ரெண்டு மூணு மணி நேரம், செமஸ்டர் ஆரம்பிக்கிற வாரம் மட்டும் முழுக்க இழுத்துரும். எக்ஸாம் நேரத்துல யாரும் யாரையும் கூப்பிட மாட்டாங்க. ஒண்ணு தெரிஞ்சுக்கோ, ஜெர்மன் பசங்களுக்கு கமிட்டியில இருந்ததைக் காட்டி பாஃபெக்ங்கிற அரசு படிப்பு உதவித்தொகையை நீட்டிக்க வழி இருக்கு, நம்ம ஸ்டூடண்ட் பெர்மிட்ல பொதுவா பாஃபெக்கே கிடையாது, அதனால அவங்க நாலு கமிட்டி எடுத்தா நீ ஒண்ணு எடு. நிதானமா "எனக்கு இது போதும்"னு சொல்லு, இங்க அதை யாரும் தப்பா எடுத்துக்க மாட்டாங்க. ஒத்துக்கிட்டு வராம இருந்தாத்தான் தப்பா எடுத்துப்பாங்க. காசு விஷயத்துல அதைவிட கறார், அம்பது யூரோ செலவுக்கும் முன்கூட்டியே தீர்மானம், பில்லு, கையெழுத்து எல்லாம் வேணும், கைக்காசு போட்டு அப்புறம் வாங்கிக்கலாம்னு நினைக்காத. முதல் வருஷம் கேஷியர் பொறுப்பு வேணாம்.

சி.வி.க்கு உதவுமான்னு வேற கேட்டிருந்த. ஒரு வரி வரும், இன்டர்வியூல ஒருத்தர் ரெண்டு பேர் கேப்பாங்க, யுனிவர்சிட்டியில கேட்டா கமிட்டியில இருந்ததுக்கு சர்டிஃபிகேட்டும் தருவாங்க. அதுக்காக மட்டும் போறவங்க ரெண்டாவது மாசம் காணாம போயிடுவாங்க, நான் பார்த்திருக்கேன்.

அதனால அந்தப் பொண்ணு கூப்பிட்ட மீட்டிங்குக்கு இந்த வாரமே போ, தேர்தல்ல நிக்கிறதை அப்புறம் யோசி. பெரும்பாலான ஃபாக்‌ஷாஃப்ட் மீட்டிங்ல கோர்ஸ் ஸ்டூடண்ட் யாரு வேணாலும் வந்து உக்காரலாம், பேசலாம். நாலு மீட்டிங் போய்ப் பாரு, பிடிச்சிருந்தா வேட்புமனு எப்போ கொடுக்கணும்னு அவளையே கேளு, அந்தக் கடைசித் தேதி தேர்தலுக்கு ரொம்ப முன்னாடியே வந்துடும். உன் கோர்ஸ்ல ஆஃப்லாகன் யார் யாருக்கு எந்தப் பாடத்துல இருக்குன்னு இப்பவே குரூப்ல கேட்டு எழுதி வெச்சுக்கோ. நீ எந்த ஊரு, எந்த யுனிவர்சிட்டின்னு எழுதல, சொன்னா அங்க ஃபாக்‌ஷாஃப்ட்ல இருந்த நம்மாளு யாராவது எனக்குத் தெரிஞ்சவங்க இருக்காங்களான்னு விசாரிச்சு சொல்றேன்.